நாரி நோ

போன மாதம் மனுகாவில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஆக்லாந்தின் தென்பக்கத்தில் அக்குபங்சர் தொழில் செய்கிறவர்கள் ஒரு நூலகத்தின் பின்னறையில் கூடியிருந்தோம். மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்தும் நெட்வொர்க்கில் நாம் சேரலாமா, கூடாதா என்பதுதான் பேச்சு. சேர்ந்தால் கம்பெனி தன் வலைத்தளத்தில் நம் பெயரைப் போடும். ஆட்கள் தேடி வருவார்கள். அவர்கள் கையிலிருந்து எதுவும் தர வேண்டாம், கம்பெனியே நமக்குக் கட்டிவிடும். பதிலுக்கு, ஒருவரை எத்தனை முறை பார்க்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம், எப்போது போதும் என்று நிறுத்தலாம் என்பதையெல்லாம் கம்பெனி முடிவு செய்யும். நான் ஏற்கெனவே சேர்ந்து குப்பை கொட்டிக்கொண்டிருப்பவள் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

நல்லது கெட்டது இரண்டையும் மரியாதையாகச் சொன்னேன். முடிந்ததும், புதிதாகப் படித்துவிட்டு வந்திருக்கும் ஒரு பெண் கையைத் தூக்கினாள். எல்லாம் சரி, யெஸ்ஸா நோவா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி என்ன செய்யும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மோட்டார்வேயில் நெரிசல் தொடங்குவதற்குள் போக வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் ஒற்றைத் தலைவலி உயிரை எடுத்தது. சீனத்து அம்மாள் ஒருவர் ஊசி குத்தியே அதைத் தீர்த்துவைத்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்து பைத்தியம் பிடிப்பதற்கு இதைப் படிக்கலாமே என்று தோன்றியது. படித்தேன், பரீட்சை எழுதினேன், பதிவு செய்தேன், மனுரேவா ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் அறை எடுத்தேன். ஒரு கட்டில், ஒரு சூட்டு விளக்கு, ஒரு துணித்திரை. பக்கத்தில் டெய்ரி என்று இங்கே சொல்கிற பெட்டிக்கடை, எதிரில் டயர் கடை.

நம் ஆட்களுக்கு நான் என்ன செய்கிறேன் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தமிழில் ஊசி போடுவது என்றால் மருந்து ஏற்றுவது. கோயில் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தி, ஃப்ளூ ஊசி உங்களிடமே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டவர்கள் உண்டு. இது மருந்தில்லாத ஊசி என்றால், மருந்தே இல்லாமல் குத்துவதற்குக் காசு வேறா என்பார்கள். எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே இருக்கும். இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்குவேன்.

நான் சொல்ல வந்த அக்கா இப்படி எதுவும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், அறையிலிருந்து சற்றுத் தள்ளி இருந்த ஒரு வேர்ஹவுஸில் பெட்டி கட்டுகிற வேலை. ஆரஞ்சு மேற்சட்டையும் கனத்த பூட்ஸுமாக வேலையிலிருந்து நேரே வந்தார். பூட்ஸை வாசலில் கழற்றி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். நிற்பதே சுகம் என்றார்.

“எங்கேக்கா வலிக்குது?” என்று கேட்டேன்.

அவர் முகம் சட்டென்று மாறியது. “வலி இல்லைத் தங்கச்சி,” என்றார். “நோ. நாரி நோ.” சொல்லிக்கொண்டே உள்ளங்கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

எனக்குத் தெரிந்த நாரி, பள்ளிக்கூடச் செய்யுளில் வருகிற நாரி. அதாவது பெண். எனக்குத் தெரிந்த நோ, இங்கிலீஷ் நோ. பெண் இல்லை என்று ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? கொஞ்சம் பொறுத்துத்தான் பிடிபட்டது. இடுப்பின் பின்பக்கம் அவர்களுக்கு நாரி. வலிக்கு அவர்களுடைய சொல் நோ. யோசித்துப் பார்த்தால் மனசு நோகிறது, கால் நோகிறது என்று நாங்களும்தான் சொல்கிறோம். நாரிக்கு நான் எடுத்துக்கொண்ட அர்த்தத்தை அவரிடம் சொன்னதும் அவரும் சிரித்தார். வலி என்ற சொல்லை ஏன் அப்படித் தள்ளிவிட்டார் என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குத் தங்கள் தமிழ்மேல் ஒரு பிடிப்பு உண்டு, அதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவரிடம் நானும் நோ என்றே சொல்லப் பழகிக்கொண்டேன்.

எப்படி வந்தது என்று கேட்டதற்கு, “பாரம் தூக்கினது,” என்றார். பெட்டி கட்டுகிறவர் பாரம் தூக்கினேன் என்றால் யாருமே பெட்டி என்றுதான் நினைப்பார்கள். வேலையில் அடிபட்டது என்றால் அரசாங்கமே பார்த்துக்கொள்ளுமே அக்கா என்றேன். இது வேலையில் வந்ததில்லை, பழைய நோ என்று சொல்லிவிட்டு அவர் துணித்திரைக்குப் பின்னால் போய்விட்டார். வீடு மாற்றும்போது கட்டில், அலமாரி என்று ஏதாவது தூக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

குப்புறப் படுக்கவைத்து, நாரியில் கொஞ்சம், முழங்காலுக்குப் பின்மடிப்பில் கொஞ்சம் என்று ஊசி வைத்து, மேலே சூட்டு விளக்கைத் திருப்பிவிட்டால் சற்று நேரத்தில் அக்கா தூங்கிப்போவார். வீட்டில் அவருக்குத் தூக்கம் கிடையாது. படுத்தால் நாரி பிடிக்கும், திரும்பினால் பிடிக்கும், எழுந்து விடியும்வரை சோஃபாவில் உட்கார்ந்திருப்பார். அந்த நாரியோடுதான் மறுநாள் முழுக்க நின்று பெட்டி கட்ட வேண்டும். நிற்க முடியவில்லை என்றால் அந்த வேலை போய்விடும், வேறு வேலை இந்த வயதில் யார் தருவார்கள் என்று ஒருநாள் சொன்னார். அதனால் ஊசியை எடுத்த பிறகும் நான் எழுப்ப மாட்டேன். அடுத்து வருகிறவர் வெளியே நாற்காலியில் காத்திருப்பார். என் பாட்டுக்குக் கணக்குப் பார்க்காமல் விட்டுவிடுவேன். அப்போது அந்த அறை என்னுடையது.

செலவு முழுவதும் அவர் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதனால் வாரா வாரம் வர வேண்டியவர் இடைவெளி விட்டு விட்டு வந்தார். அப்படியிருக்கும்போது அவருடைய கம்பெனியில் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்தார்கள். அக்குபங்சரும் அதில் உண்டு. ஆனால் நெட்வொர்க்கில் இருப்பவரிடம்தான் போக வேண்டும். அன்றைக்கு அக்கா பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“நீங்களும் அதில சேருங்கோவன் தங்கச்சி,” என்றார். “வேற ஆக்களிட்டப் போய் எனக்குக் கதைக்க ஏலாது.”

எனக்கு அந்த நெட்வொர்க்கைக் கண்டாலே ஆகாது. முதலில் அவர்கள் நமக்கு வைத்திருக்கும் பெயர். ப்ரொவைடர். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றுகிறவள் மாதிரி. அப்புறம் ஒருவருக்கு அரை மணிக்கு மேல் கூடாது என்கிற கட்டு. கட்டிடத்தின் சொந்தக்காரர் மலேசியத் தமிழர், அவரிடம் புலம்பினேன். காலத்துக்கேற்ற மாதிரிப் போகணும், சேர்ந்துடுங்க லா என்று அவர்கள் ஊர் ‘லா’வோடு சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவருக்கென்ன, வாடகை வந்தால் போதும். கடைசியில் அக்காவுக்காகத்தான் சேர்ந்தேன். வாடகையும் ஏறியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சேர்ந்த பிறகு அக்கா வாரா வாரம் வந்தார். உண்மையிலேயே நன்றாகிக்கொண்டு வந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் நோவு எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். குறிக்கோள் பூஜ்யம் என்று கம்பெனி முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளும். எத்தனை போடலாம் அக்கா என்று கேட்டால், நாரிக்கு நம்பர் தெரியுமோ தங்கச்சி என்று என்னையே திருப்பிக் கேட்பார். இரண்டு பேரும் பேரம் பேசி ஏழு என்று முடிப்போம். அது ஆறாயிற்று, ஐந்தாயிற்று. இடையில் உட்காராமல் முழு ஷிஃப்டும் நின்றேன் என்று ஒருநாள் வந்து சொன்னார். அன்று நான் பக்கத்து டெய்ரியில் சாக்லேட் வாங்கிவந்து அவருக்குக் கொடுத்தேன்.

தூக்கத்தைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை. அரை மணி முடிந்தால் அடுத்த நெட்வொர்க் ஆள் வாசலில் நிற்பார். அக்காவின் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. கட்டில் துணியின் மடிப்பு கன்னத்தில் பதிந்திருக்க, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம் ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டே எழுந்துவிடுவார். எழுப்பியதற்கு அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் மனசு ஆறாது.

இப்படி நடந்துகொண்டிருக்கையில் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உறுப்பினரிடம் தொலைபேசியில் விசாரித்தோம், வலி இல்லை என்று தெரிவித்தார், குறிக்கோள் நிறைவேறிவிட்டது, ஏற்கெனவே அனுமதித்ததில் மிச்சமிருக்கும் ஒரு முறையோடு சிகிச்சையை முடித்துக்கொள்ளவும் என்று. எனக்குச் சுருக்கென்றது. வலி நின்றதை என்னிடம் சொல்லாமல் கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறாரே என்று அக்கா மேல்தான் முதலில் கோபம் வந்தது.

உடனே கூப்பிட்டுக் கேட்டேன். அவர் திகைத்துப்போனார்.

“நான் வடிவாச் சொன்னனே தங்கச்சி. பிரேக் நேரம் போன் வந்தது. இன்னும் பெயின் இருக்கோ எண்டு கேட்டவ. பாக் நோ, ஸ்டில் நோ, எவ்ரிடே நோ எண்டு சொன்னனான்.”

ஸ்டில் நோவா என்று அதையே திருப்பிச் சொன்னேன். தான் சொன்னது அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். ஐயோ என்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பு. வேர்ஹவுஸில் உடன் வேலை செய்கிற எல்லாரிடமும் அவர் முதுகுக்கு இங்கிலீஷ் வார்த்தையும் வலிக்குத் தன் வார்த்தையுமாகப் பாக் நோ என்றுதான் சொல்வாராம். ஒருவருக்கும் அது விளங்காமல் போனதில்லையாம். எப்படிப் போகும்? சொல்லும்போது அவருடைய கை தானாக நாரிக்குப் போய்விடும். போனில் கை ஏது? இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். இதை எழுதும்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

கம்பெனியைக் கூப்பிட்டு விளக்கினேன். எங்கள் மொழியில் நோ என்றால் பெயின் என்று நான் சொன்னபோது, எடுத்த பெண்மணி ஒரு கணம் தயங்கினார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்கலாம். ஆனால் மரியாதையாகப் பேசினார். அவர்கள் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். மறுபடி விசாரிக்கிறோம், இந்த முறை தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொள்கிறோம், நீங்களும் கூட இருக்கலாம், ஆனால் நடுவில் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் விசாரணை செல்லாது என்றார். இதைவிட நியாயம் வேறென்ன வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

சொன்ன நாளில் அக்கா வேலை முடிந்து வந்தார். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவர், எதிரில் நான், நடுவில் ஸ்டூலின் மேல் என் போன். கம்பெனிப் பெண்மணி முதலில் பேசினார், பிறகு மொழிபெயர்ப்பாளர். இளம் குரல். கேட்டவுடன் தெரிந்துவிட்டது, எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

“அம்மா, இப்ப உங்களுக்கு வலி வருதுங்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் நாள் நான் கேட்டபோது மாறியதே, அதே முகம்.

“இல்லை,” என்றார்.

“எப்பவாச்சும் வருதுங்களா? வாரத்துல ஒரு தடவை, ரெண்டு தடவை?”

“எனக்கு ஒருநாளும் வலி வந்ததில்லைப் பிள்ளை. மகனுக்குத்தான் வந்தது.”

அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறினாள். “மகனுக்குங்களா? இப்ப எப்படி இருக்கு?”

“இப்ப இல்லை,” என்றார் அக்கா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்து விழுகிறதே, அதை நாங்கள் வலிப்பு என்போம். காக்காய் வலிப்பு. அக்காவின் வீட்டில் அதற்குப் பெயர் வலி. நோ வேறு, வலி வேறு. நோ இருக்கும், வலி வரும். வலி வருகிறதா என்று எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் அவர் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான். டிவி பார்க்கிற எவருக்கும் எங்கள் வலி தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். அக்காவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு வீட்டில் ஒரு சொல் அத்தனை வருஷம் ஒரே வேலையைச் செய்திருந்தால், அது பிறகு வேறு எதற்கும் வராது.

அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னாள். இவருக்கு எப்போதும் வலி இருந்ததில்லை, மகனுக்குத்தான் இருந்தது, இப்போது அவருக்கும் இல்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். இப்ப இல்லை என்றால் இல்லாதது வலியா மகனா என்று தமிழில் அந்த இரண்டு வார்த்தை சொல்வதில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். போனில் முகமும் கிடையாது.

ஓ, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது என்றார் கம்பெனிப் பெண்மணி. மனசாரத்தான் சொன்னார்.

இத்தனை வருஷம் இந்த ஊரில் வேலை செய்த அக்காவுக்கு அந்த இங்கிலீஷ் புரியாமல் இல்லை. செல்லாது போனால் போகட்டும் என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். பெட்டி கட்டிக் கட்டிக் காய்த்துப்போன கை, அழுத்திப் பிடித்தார். பிடித்தபடியே குனிந்து போனுக்கு, “தாங்யூ,” என்றார். அந்தப் பக்கம் இணைப்பு முடிந்தது.

ஏனக்கா என்னைப் பேசவிடவில்லை என்று கேட்டேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

“அவ சந்தோஷம் எண்டு சொல்லிப்போட்டா,” என்றார். “பிறகு நாங்கள் என்னத்தைச் சொல்லுறது.”

அதற்குப் பிறகு அவராகத்தான் சொன்னார். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலி. மருந்து உண்டு, டாக்டர்கள் உண்டு, எல்லாம் பார்த்தார்கள். சில மாதம் வராமல் இருக்கும், மறந்திருக்கும்போது வரும். பெரும்பாலும் குளியலறையில். சின்னவனாக இருந்தபோது தூக்குவது கஷ்டமில்லை. வளர வளர அவரைவிட உயரமாகிவிட்டான். கணவர் முன்பே போய்விட்டார், வீட்டில் இரண்டே பேர். கதவைத் தாழ்போடக் கூடாது என்று ஒப்பந்தம். சத்தம் கேட்டால் ஓடிப்போய் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்துத் தூக்கி வெளியே இழுக்க வேண்டும். அப்படித்தான் நாரி போனது. கடைசி முறையும் தூக்கினார். குளியல் தொட்டியிலிருந்து அரைவாசி தூக்கியாயிற்று, அதற்கு மேல் முடியவில்லை, கீழே விடவும் மனம் வரவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே குனிந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் வந்து வாங்கியபோது அவன் இல்லை.

பாரம் தூக்கினது என்று முதல் நாள் சொன்னார். அவர் ஒன்றும் மறைக்கவில்லை. அப்படியேதான் சொல்லியிருக்கிறார்.

நான் கம்பெனிக்கு மறுபடி எழுதினேன், கூப்பிட்டேன், சத்தம் போட்டேன். மகனின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார்கள். ஆனால் இரண்டு விசாரணையிலும் உறுப்பினர் வலி இல்லை என்று ஒரே மாதிரி சொல்லியிருப்பதாலும், இரண்டாவதில் அவருடைய சொந்த மொழியிலேயே கேட்கப்பட்டதாலும், முடிவை மாற்ற வழியில்லை என்றார்கள். சொந்த மொழி! போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. இதே நோவுக்கு அவரிடம் தனியாகக் கட்டணம் வாங்கவும் நெட்வொர்க் ஒப்பந்தம் இடம் கொடுக்காது. காசே வேண்டாம், நீங்கள் பாட்டுக்கு வாருங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். சும்மா வந்து படுத்துக் கிடக்கத் தனக்கு மனம் வராது என்றார். நெட்வொர்க்கை விட்டு வெளியே வருகிறேன் என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார். அவருடன் வேலை செய்கிற இரண்டு மூன்று பேர் அதன் வழியாகத்தான் என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் விட்டால் அந்தச் சனம் எங்கே போகும் என்று கேட்டார்.

அதனால் இன்னும் நெட்வொர்க்கில்தான் இருக்கிறேன். இலங்கையிலிருந்து யார் வந்தாலும் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன், போன் வந்தால் பெயின் என்று மட்டும் சொல்லுங்கள், நோ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று பாடம் நடத்துகிறேன். நோவோடு வந்த மனிதருக்கு முதல் வைத்தியம் அதுதான். சேரலாமா என்று கேட்ட அந்தப் பெண்ணிடம் இதை எப்படி ஒரு வார்த்தையில் சொல்வது? சேர்ந்ததால்தான் அக்கா வாரா வாரம் வர முடிந்தது, முழு ஷிஃப்டும் நின்றார். சேர்ந்ததால்தான் இதுவும் நடந்தது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அக்கா இப்போது மாசி என்கிற புறநகரில் தங்கை வீட்டோடு இருக்கிறார். வேர்ஹவுஸ் வேலையில் தொடர்ந்து நிற்க முடியாமல் விட்டுவிட்டார். மாசிக்கு ரயில் கிடையாது, நகரத்தின் அந்தக் கோடி. எப்போதாவது போனில் பேசுவோம். நாரி எப்படி என்று கேட்டால், கிடக்கு என்பார்.

மிச்சமிருந்த அந்த ஒரு முறைக்கு அவர் வந்த நாளைப் பற்றித்தான் நான் யாரிடமும் பேசியதில்லை. அன்றைக்கு அவருக்குப் பிறகு வேறு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் தூங்கட்டும் என்று நினைத்தேன். பூட்ஸைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். கட்டிலில் குப்புறப் படுத்தார். எங்கே நோகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். இவ்வளவு நாளும் வெறும் பிடிப்பாகத் தெரிந்த இடம், கையை அங்கே வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்றோடு இதை முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. வழக்கத்தைவிட நிறைய ஊசி வைத்தேன். இன்னொன்றை உறையைக் கிழித்துக் கையில் எடுத்தேன்.

தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன். தூங்கவில்லை. கட்டிலின் முகத்துளை வழியாகத் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

“தங்கச்சி, முழுக்க எடுத்துப்போடாதேங்கோ. நிக்க ஏலுமாயிருந்தாக் காணும். அவனைத் தூக்கின நோ அது. கொஞ்சம் கிடக்கட்டும்.”

உறை பிரித்த ஊசியைத் திரும்ப எடுத்துவைக்கக் கூடாது என்பது விதி. குத்தாமலேயே அதை, பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டிக்குள் போட்டேன்.